மழையில் நனைந்தே போன டிரெஸர்

டிரெஸர் தணிகாசலம் இறந்துவிட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் மீன்காரர். சுங்கை பெசாரில் என் மகள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கெம்போங் மீனைத் தராசில் அள்ளிப் போட்டுக்கொண்டே, "டீச்சர், தஞ்சோங் காராங்ல ஒங்க டிரெஸர் தவறிட்டாராம் லா, தெரியுமா?" என்றார். நான் நம்பவில்லை. இதற்கு முன்பும் ஒருமுறை அப்படிச் சொன்னார்கள். மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால், மனிதர் வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். "மாலை எனக்கா, டீச்சரம்மா?" என்று வேறு கேட்டார். அதனால் இந்த முறை இரண்டு பேருக்குத் தொலைபேசியில் பேசி விசாரித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தைச் சொன்னார்கள். அதன் பிறகுதான் சேலை மாற்றினேன்.

அவரிடம் பாயில் படுத்து மூச்சுப் பழகியவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இடுப்பு வலியோடு போய் நிமிர்ந்து வந்தவர்கள், தூக்கம் வரவில்லை என்று போய் அங்கேயே குறட்டை விட்டவர்கள். அவருக்கு நினைவஞ்சலி எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டபோது நல்லவிதமாக நாலு வார்த்தை எதிர்பார்த்திருப்பீர்கள். அதுவும் வரும். ஆனால் எனக்கு அவர் முதலில் சந்தேகத்துக்குரிய ஆள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். இனி யாருக்கும் இதனால் ஆபத்தில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசியில் வந்த அவசரகாலத்தில் நாங்கள் கோல சிலாங்கூருக்கு உள்ளே, பத்தாங் பெர்ஜுந்தாய் போகும் பாதையில், ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. என் கணவர் சூசை தோட்டத்து லோரி ஓட்டினார். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே போலீஸும் பட்டாளமும், நடுவில் நாங்கள். நாங்கள் குடியிருந்த லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, அதற்கு ஒரே ஒரு கேட். விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள், அந்தக் கேட்டில் இரண்டு கையையும் தூக்கி நிற்க வேண்டும். காட்டுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, பசியாற வைத்திருக்கும் ஒரு துண்டு ரொட்டியைக்கூட விட மாட்டார்கள். பால் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், பெண்களின் கொண்டைக்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். அந்த நாள்களில் யாரும் யாரையும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

வேலி போடுவதற்கு முன்பே எங்கள் வீட்டில் இடி விழுந்துவிட்டது. ஒரு நாள் காலையில் ஆண்கள் எல்லாரையும் திடலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்பிலிருந்து ஓர் ஆளை இறக்கினார்கள். தலை முதல் இடுப்பு வரை அரிசிச் சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அந்த ஆள் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று பார்ப்பான். தலை அசைத்தால், எதிரே நிற்பவர் காட்டுக்காரர்களுக்கு உதவியவர் என்று பொருள். பள்ளிக்கூட ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சூசையின் முன்னால் அந்தச் சாக்கு முன்பக்கம் சாய்ந்தது. லோரியில் அரிசி கடத்தினார் என்று அவரைக் கொண்டுபோனார்கள். சூசை ஒரு பிடி அரிசிகூட யாருக்கும் கொடுத்தவரில்லை. இதை அவர் மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டு அரிசியைத் தினமும் அளந்தவள் என்பதால் சொல்கிறேன்.

பல மாதம் கழித்து, ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் தோளுக்கு மேலே கை எழும்பவில்லை. சட்டையை நான்தான் மாட்டிவிட வேண்டும். லோரியை எடுத்துக்கொண்டு போனால், சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தியதும் சூசையின் விரல்கள் ஸ்டியரிங்கில் அப்படியே இறுகிவிடும். கிளீனர் பக்கத்திலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுப்பான். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். எலும்பு நன்றாக இருக்கிறது, மனத்தை லேசாக வைத்துக்கொள் என்றார்கள். தீபாவளிக்குள் ஒழுங்காக லோரி ஓட்டாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று துரை கணக்கெழுதும் பெரிய கிராணியிடம் சொல்லியனுப்பினார். பிடிபட்டு வெளியே வந்த ஆளுக்கு வேலையும் இல்லையென்றால் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சூசை பிறந்ததே அந்தத் தோட்டத்து லயத்தில்தான். இந்தியாவில் இறங்கி எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. நான் பயத்தில் வெந்துகொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் புது டிரெஸர் வந்தார். தோட்டத்துக்கு டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாள்களில் காய்ச்சலுக்கு மருந்து கலக்குவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் டிரெஸர்தான். அம்பாங் பெச்சா பக்கத்துத் தோட்டத்திலிருந்து தானாகவே மாற்றல் கேட்டு வந்ததாகச் சொன்னார்கள். அங்கே நல்ல வீடு, இங்கே ஒழுகுகிற வீடு. சொந்தக்காரர்களும் இந்தப் பக்கம் கிடையாது. யார்தான் இப்படி மாற்றல் கேட்பார்கள் என்று அன்றைக்கே என் மனத்தில் ஒரு முடிச்சு விழுந்தது.

மாத்திரைக்கு அசையாத வலிகளுக்கு அவர் ஆசனமும் மூச்சும் சொல்லிக் கொடுத்தார். இன்று நீங்கள் யோக சிகிச்சை என்கிறீர்கள். அன்று தோட்டத்தில் அதற்கு 'மூச்சு வைத்தியம்' என்று பெயர். எங்கே கற்றீர்கள் என்று துரை கேட்டதற்கு, சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் என்றார். வேலை மேய்க்கும் மண்டோர் கேட்டதற்கு, தஞ்சாவூரில் ஒரு குருவிடம் என்றார். எங்கள் பாதிரியார், "இது ஜபமா, வேறென்ன?" என்று முகத்தைச் சுளித்ததற்கு, "தேகப்பயிற்சி சாமி, போலீஸ்காரங்க செய்றாங்களே, அதேதான்" என்றார். மூன்று பேருக்கு மூன்று பதில். இன்னொன்று, எல்லாருக்கும் உடம்பை வளைக்கச் சொல்லிக் கொடுக்கிற மனிதருக்குத் தம் கழுத்து வளையாது. ஆமாம் என்பதற்கும் தலையை ஆட்ட மாட்டார். வாயால் 'ஆமா' என்பார். கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் ஆளே திரும்புவார். கோணலாக நிற்கும் தையல்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பது போல இருக்கிறது என்று சூசையிடம் கேலி செய்தேன். சூசை சிரிக்கவில்லை.

மரம் சீவப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகை பிற்பகலில் காலியாக இருக்கும். அங்கேதான் வகுப்பு. முதல் நாள் நானும் துணைக்குப் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். டிரெஸர் முன்னால் நின்று, "எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்குங்க" என்றார். வந்திருந்தவர்கள் உடனே தூக்கினார்கள். விரல்களை விரித்து, கண்ணைத் தரையில் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பால்மரக்காரி பாக்கியம் கொண்டையையும் அவிழ்த்துவிட்டு நின்றாள். சூசை மட்டும் கை தூக்க முடியாமல் வேர்த்துக் கொட்டி நின்றார். டிரெஸர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "கையை எறக்கிடுங்க. தப்பு என்னோடது. இன்னிக்குப் போதும், வீட்டுக்குப் போங்க" என்றார். வைத்தியர் ஒருவர் தப்பு என்னுடையது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் நான் சந்தேகமாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து நிற்கிற வேலையே இல்லை. எல்லாரும் படுத்துக்கொள்ள வேண்டும். "மூச்சை உள்ள வாங்குங்கன்னா நீங்க புடிச்சு வச்சுக்கிறீங்க. கேட்டுல நின்னு நின்னு பழகினது. அதனால முதல்ல விடுங்க. விட்டாத்தான் வாங்க முடியும்" என்பார். இதை நீங்கள் எல்லாரும் அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். அது பிறந்த இடம் அந்தக் கொட்டகைதான். சூசையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லாமல், தரையோடு தரையாகப் பாயின் மேலே நகர்த்தச் சொன்னார். கை மெதுவாகக் காதைத் தாண்டியது. "எழுந்து நின்னா இதே கை வராது. படுத்திருக்கிறப்ப அதுக்கு இது வேற காரியம். ஏமாத்தித்தான் கூட்டிட்டு வரணும்" என்று என்னிடம் சொன்னார். "வாய் மறந்துட்டேன்னு சொல்லும் டீச்சரம்மா. ஒடம்பு சொல்லாது. அது நடந்ததுக்கெல்லாம் சாட்சி." சாட்சி என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆள்களின் தோளையும் முதுகையும் தொட்டுப் பார்த்து, யார் எதைச் சுமந்தார்கள் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர், அந்தக் காலத்தில் யாருக்கு வேலை செய்கிறார் என்று நான் யோசிக்காமல் இருக்க முடியுமா?

சவாசனத்தில் ஒரு நாள் மாட்டிக்கொண்டோம். பிணம் போலக் கிடக்கும் ஆசனம் என்று அவர் விளக்கியதும் பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சுட்டுக் கொன்ற காட்டு ஆட்களைச் சாலையோரப் புல்லில் வரிசையாகக் கிடத்தி, வேலைக்குப் போகிறவர்களை நிறுத்திப் பார்க்கச் சொன்னதை எல்லாரும் கண்டிருந்தார்கள். டிரெஸர் உடனே பேரை மாற்றி, "இது மத்தியானத் தூக்கம்" என்றார். சரியென்று படுத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ் அதிகாரி உள்ளே நுழைந்தார். வரிசையாகக் கிடக்கும் ஆள்களைக் கண்டு அவர் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. பிறகு டிரெஸரைப் பார்த்ததும் முகம் தளர்ந்து, "நீ இங்கேயா இருக்கிறாய்?" என்று மலாயில் கேட்டார். அதிகாரி சிரித்துக்கொண்டே போய்விட்டார். எல்லாரும் கண்ணை மூடிக் கிடந்தார்கள். நான் மூடவில்லை.

அன்றிலிருந்து நான் அவரை வேவு பார்க்கத் தொடங்கினேன். தோட்டத்தில் சாக்கு இல்லாத வீடு கிடையாது. கால் துடைக்கச் சாக்கு, உட்காரச் சாக்கு, வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டச் சாக்கு. வகுப்புக்கும் முதலில் எல்லாரும் சாக்குதான் கொண்டுவந்தார்கள். டிரெஸர் அது வேண்டாம் என்றார். தம் பணத்தில் பாய் வாங்கிப் போட்டார். மருந்தகத்து வாசலில் கிடந்த சாக்கை ஒரு குச்சியால் தள்ளி வெளியே போட்டதை நானே பார்த்தேன். அரிசிச் சாக்கு, அசையாத கழுத்து, அதிகாரியோடு பழக்கம், கேட்டு வாங்கிய மாற்றல். எனக்குக் கணக்கு கூடிவிட்டது. ஆனாலும் கணக்கைச் சரிபார்க்காமல் விடை எழுதும் பழக்கம் எனக்கில்லை.

மழை அதற்கு வழி செய்தது. ஒரு பிற்பகல் சூசையின் தோளைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மருந்தகத்தில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு காத்திருப்பதாக ஓர் ஆள் வந்து கூப்பிட்டான். மழைக்குக் கொங்காணி போடுவது தோட்டத்தில் எல்லாருக்கும் கைவந்த வேலை. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகினால் தொப்பி மாதிரி வந்துவிடும், தலையில் கவிழ்த்துக்கொண்டு போகலாம். நான் உள்ளே போய் ஓர் அரிசிச் சாக்கை எடுத்து, மூலையைச் செருகி, "போட்டுக்குங்க ஐயா" என்று நீட்டினேன். அவர் கையை நீட்டினார். சாக்கு பட்டதும் கை நின்றுவிட்டது. நெஞ்சு மேலேறி, மேலேயே நின்றது. பிறகு பூனை கத்துவது போல ஓர் இளைப்பு அவர் தொண்டையிலிருந்து கிளம்பியது. கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டன. நான் சாக்கைப் பின்னுக்கு இழுக்காமல் நீட்டியபடியே நின்றேன். "மழை ஒண்ணும் செய்யாது" என்று எப்படியோ சொல்லிவிட்டு இறங்கி, தலை முழுக்க நனைந்துகொண்டே போனார்.

நான் திரும்பினேன். சூசை நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அவருக்கு அதைக் குடுத்தே?"

"தெரிஞ்சுக்கத்தான். தெரிஞ்சுபோச்சு. அந்தச் சாக்குக்குள்ள இருந்தது இந்த ஆளுதாங்க."

"எனக்கு முதல் நாளே தெரியும்."

"எப்படி?"

"திடல்ல என் மூஞ்சிக்கு நேரா நின்னப்ப உள்ளருந்து இந்த இளைப்பு கேட்டுச்சு. கொட்டகையில அவரு பாக்கியத்தோட கொண்டையைப் பாத்துட்டு நின்னாரே, அப்பவும் கேட்டுச்சு."

"தெரிஞ்சுமா அவர் முன்னால கண்ணை மூடிப் படுத்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ விட்டிருப்பியா? எனக்குக் கை வேணும் ரோசலி. எடுத்துக்கிட்டவர்தானே திருப்பிக் குடுக்கணும்."

மறுநாள் டிரெஸர் தாமாகவே வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னார். அம்பாங் பெச்சா பக்கத்தில் காட்டிலிருந்து வந்த ஒருவனுடைய காலில் குண்டுக் காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறார். கத்தியைக் காட்டிப் போடச் சொன்னார்களாம். அது போலீஸுக்குத் தெரிந்துபோனது. சிறைக்குப் போகிறாயா, ஆளைக் காட்டுகிறாயா என்று கேட்டு, சாக்கை மாட்டி, தோட்டம் தோட்டமாக ஜீப்பில் கொண்டுபோயிருக்கிறார்கள். மூச்சு வைத்தியமும் அந்த நாள்களுக்கு முன்பு, இளைப்புக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டில் நோயாளி ஒருவரிடம் கற்றதுதானாம். குரு என்றதும் பட்டாளம் என்றதும் பொய்.

"சாக்குல தவிடு. எனக்கு மூச்சு முட்டிச்சு. ஒங்க வீட்டுக்காரர் முன்னால வந்தப்ப தாங்க முடியாம குனிஞ்சு இருமினேன். தலை ஆடினதா நினைச்சுப் புடிச்சுட்டாங்க."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருக்கலாம். சொல்லல, டீச்சரம்மா. ஒருத்தர் கெடைச்சுட்டா அன்னிக்கு என் தலையிலருந்து சாக்கை எடுத்துடுவாங்க."

இருமலைப் பற்றி அவர் சொன்னதை நான் இன்றுவரை பாதிதான் நம்புகிறேன். இரண்டாவதாகச் சொன்னதை முழுதாக நம்புகிறேன். பொய் சொல்ல வந்தவர் அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்று எனக்கு நியாயம் யோசிக்கும் பொறுமை இல்லை. பாக்கியத்திடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். காட்டிக் கொடுத்தவர்களைக் காட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதும் ஊரறிந்தது. அந்த மனிதரின் உயிர் என் நாக்கு நுனியில் இருந்தது. சூசையின் கை சரியாகட்டும், லோரி ஓடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன். இரக்கப்பட்டுத் தள்ளி வைக்கவில்லை.

தீபாவளி நெருங்கியது. சூசை படுத்தால் கை போகிறது, நின்றால் போகவில்லை. துரை கடைசியாக ஒரு நடை கொடுத்துப் பார்க்கச் சொன்னார். காலிச் சாக்குகளைக் கோல சிலாங்கூரில் இறக்கிவிட்டு உரம் ஏற்றி வர வேண்டும். கிளீனர் பயந்து வரவில்லை. டிரெஸர் மருந்து வாங்குவதாகச் சொல்லி லோரியில் ஏறினார். பள்ளிக்குச் சுண்ணாம்புக் கட்டி வாங்க வேண்டும் என்று நானும் ஏறினேன். அவரைத் தனியாக என் கணவரோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சாலைத் தடுப்பில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவர் கையை உயர்த்தினார். சூசை லோரியை நிறுத்தினார். விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்துப்போய் இறுகின. டிரெஸர், "முதல்ல விடுங்க சூசை, விடுங்க" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் கான்ஸ்டபிள் பின்பக்கம் பார்த்துவிட்டு வந்து, டிரெஸரைக் காட்டி, "நீ எறங்கு. ஒவ்வொரு சாக்கா உதறிக் காட்டு. அரிசி விழுந்தா எல்லாரும் உள்ள போவீங்க" என்றார். நான் டிரெஸரின் முகத்தைப் பார்த்தேன். மறுத்தால் சந்தேகம், சந்தேகம் வந்தால் சூசை மறுபடியும் உள்ளே. அவருக்கும் அது தெரிந்தது. இறங்கிப் பின்னால் போனார்.

கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. முதல் சாக்கைக் கையில் எடுத்தார், உதற முடியவில்லை. மார்போடு பிடித்தபடி நின்றார். அந்த இளைப்பு லோரியின் முன்பக்கம் வரைக்கும் கேட்டது. "என்னா, உள்ள என்னா வச்சிருக்கே?" என்று கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்.

பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. சூசை மூச்சை வெளியே விட்டார். வாயைக் குவித்து, கொட்டகையில் பழகியபடியே, கடைசிச் சொட்டு வரைக்கும் விட்டார். விரல்கள் தாமாகவே பிரிந்தன. கதவைத் திறந்து இறங்கிப் பின்னால் போனார். டிரெஸரின் மார்பிலிருந்து சாக்கைப் பிடுங்கி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி உதறினார். தவிடு பறந்தது. "தள்ளி நில்லுங்க ஐயா, தூசி ஒங்களுக்கு ஆகாது" என்றார். அடுத்த சாக்கு, அதற்கடுத்தது. எல்லாவற்றையும் தலைக்கு மேலே தூக்கியே உதறினார். தம் கை எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. நான் லோரிக்குள் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கான்ஸ்டபிள் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அந்தத் தீபாவளிக்கு நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றும் பாராமல் தோட்டம் முழுக்கப் பலகாரம் அனுப்பியது. சூசை அதன் பிறகு பல வருடம் லோரி ஓட்டினார். டிரெஸரும் போகவில்லை. அவசரகாலம் முடிந்து, வேலி பிடுங்கப்பட்டு, அவர் தஞ்சோங் காராங்கில் வீடு வாங்கிப் பாய் விரித்த பிறகுதான் நீங்கள் எல்லாரும் அவரை அறிந்தீர்கள். பாக்கியத்திடம் சொல்ல வேண்டிய வார்த்தையை நான் சொல்லவே இல்லை. மன்னித்துவிட்டீர்களா என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு வருவார். உட்காரச் சொல்வேன். ஆனால் பலகாரத் தட்டை வைத்துவிட்டு, இவர் எங்கள் தோட்டத்தைக் கேட்டு வாங்கி வந்தது கையைத் திருப்பிக் கொடுக்கத்தானா, இல்லை சூசைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கத்தானா என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். ஒருமுறை சூசையிடம் கேட்டேன். "ரெண்டுக்கும் இருக்கலாம் லா" என்று சொல்லிவிட்டுப் பலகாரத்தை எடுத்துக்கொண்டார். சூசை போய்ச் சேர்ந்தபோது டிரெஸர் கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தே வந்தார்.

சேலை மாற்றிக்கொண்டு அன்று தஞ்சோங் காராங் போய்ச் சேர்ந்தபோது அவரை வாசலில் கிடத்தியிருந்தார்கள். படுத்திருக்கும்போது அவர் கழுத்து வளைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். தூக்கும் நேரத்தில் வயல் பக்கமிருந்து மழை வந்தது. பந்தல் ஒழுகியது. முகம் நனையாமலிருக்க இளைஞர்கள் ஓடிப்போய், பக்கத்துக் கொப்பரைக் கடையிலிருந்து ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து அவர் தலைமேல் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அதை எடுத்தேன்.

"பாட்டி, நனையுது லா!" என்றான் ஒருவன்.

"நனையட்டும்பா. அவரு நனைஞ்சே போவாரு" என்றேன்.

இந்த வயதில் எனக்கும் கை சரியாக எழும்புவதில்லை. ஆனாலும் அந்தச் சாக்கைத் தலைக்கு மேலே தூக்கி, சூசை உதறியது போல உதறி, தூரமாகப் போட்டேன். அவரைக் குழியில் இறக்கும்வரை அந்த முகத்தை யாரும் மூட நான் விடவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். இப்போதும் யாராவது கதவைத் தட்டினால் என் நெஞ்சு மேலேறி நின்றுவிடும். அப்போது அவர் குரல் கேட்கும். முதலில் மூச்சை விடுகிறேன், பிறகு யாரென்று கேட்கிறேன், அதற்குப் பிறகுதான் கதவைத் திறக்கிறேன்.